லண்டன் பாரிஸ்டர் வேண்டுமா, சிப்பா போதுமா?

கேள்வி:

வணக்கம் ஐயா. நான் சுங்கை சிப்புட்டில் சிறு குத்தகையாளர். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் ஜி3 பதிவு இருக்கிறது. பட்டணத்தை ஒட்டிய தோட்டத்துச் செம்பனை ஆலையில், கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் நிலையத்துக்கு அடித்தளம், கால்வாய், உள்சாலை போட்டுத்தரும் வேலையை 840,000 வெள்ளிக்கு எடுத்தேன். வேலை கொடுத்தது ஒரு வெளிநாட்டு நிறுவனம். ஒப்படைத்துப் பத்து மாதமாகிறது. கடைசி இரண்டு பில்கள் 186,000, கூடுதல் வேலைக்கான வி.ஓ. 84,000, பிடித்து வைத்திருக்கும் ரிடென்ஷன் 42,000, ஆக 312,000 வெள்ளி வரவேண்டும். கேட்டால், "ஆலைக்காரர்கள் எங்களுக்கு இன்னும் கட்டவில்லை, வந்ததும் தருகிறோம்" என்று எழுதுகிறார்கள். சென்ற மாதம் புதிதாக, நான் 63 நாள் தாமதித்தேன் என்றும், நாளுக்கு 2,000 வெள்ளி வீதம் கழிக்கப் போவதாகவும் கடிதம் வந்தது. ஒப்பந்தத்தில் இங்கிலாந்துச் சட்டம், லண்டனில் ஐசிசி (அனைத்துலக வர்த்தகச் சபை) நடுவர் விசாரணை என்று போட்டிருக்கிறது. லண்டன் க்யூ.சி., அதாவது மூத்த பாரிஸ்டர் ஒருவரை வைத்தால்தான் காரியம் ஆகும் என்கிறார் என் மைத்துனர். கோலாலம்பூரில் உள்ள ஓர் ஆலோசகர், 60,000 வெள்ளி முன்பணமும் கிடைக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்தால் அங்குள்ள பாரிஸ்டரை ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். வீட்டு கிராண்டை வைத்துப் பணம் புரட்டலாமா?

— துணைக் குத்தகையாளர், சுங்கை சிப்புட்

பதில்:

ஐயா, வீட்டு கிராண்டை இதற்காக அடகு வைக்காதீர்கள். லண்டன் பாரிஸ்டர்களின் திறமையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் உங்கள் வேலை நடந்தது இந்த நாட்டில். உங்களுக்குக் கடன்பட்டவர் பதிவாகியிருப்பது இந்த நாட்டில். உங்களுக்குச் சேரவேண்டிய பணம் இன்றைக்குத் தங்கியிருப்பதும், அவர்களே எழுதித் தந்திருப்பதைப் பார்த்தால், இந்த நாட்டில்தான். அப்படியிருக்க, முதல் அடியை லண்டனில் எடுத்து வைக்க வேண்டிய அவசியமில்லை.

கடன்பட்டவர் யார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலின் ஒவ்வொரு பக்கத்துத் தலைப்பிலும் வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் பெயரும் சின்னமும் பெரிதாக இருக்கின்றன. கையெழுத்துப் பக்கத்தில், முத்திரைக்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதோ கோலாலம்பூரில் பதிவான ஒரு செண்டிரியான் பெர்ஹாட். உங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது அந்த உள்நாட்டு நிறுவனம் மட்டுமே. இதில் உங்களுக்கு ஒரு சாதகமும் ஒரு பாதகமும் உண்டு. சாதகம், எதிரியைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. பாதகம், தாய் நிறுவனம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதன் சொத்தில் நீங்கள் பொதுவாகக் கைவைக்க முடியாது. இந்த வேலைக்காகவே தொடங்கப்பட்ட கிளை நிறுவனமாக இருந்தால், வேலை முடிந்ததும் அதன் கணக்கில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். நிறுவனப் பதிவகமான எஸ்.எஸ்.எம்.மில் சில வெள்ளி கட்டி அந்த நிறுவனத்தின் விவரத்தையும் கடைசி நிதிக் கணக்கையும் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். நான் அவசரப்படுத்துவதற்குக் காரணம் இதுதான்.

உங்களுக்கு உடனே கைகொடுக்கக்கூடியது, நம் குத்தகையாளர்கள் 'சிப்பா' என்று சுருக்கி அழைக்கும் சட்டம் 746, அதாவது 2012ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழில் கட்டணம் மற்றும் அட்ஜுடிகேஷன் சட்டம். அட்ஜுடிகேஷன் என்பது, கட்டணத் தகராறை அட்ஜுடிகேட்டர் என்ற ஒருவர் குறுகிய கெடுவுக்குள் விசாரித்து, உடனே கட்டவேண்டிய தீர்ப்பைத் தரும் முறை. 2014 ஏப்ரல் 15 முதல் அது நடப்பில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவு கேட்கும் முக்கியமான கேள்விகள் இரண்டு: ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, வேலை முழுவதுமோ ஒரு பகுதியோ மலேசியாவுக்குள் நடந்ததா. குத்தகை கொடுத்தவர் எந்த நாட்டவர் என்பதை அது பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தில் நடுவர் விசாரணை என்று எழுதியிருப்பதும் இதற்குத் தடையாகாது. அட்ஜுடிகேஷனும் நடுவர் விசாரணையும் நீதிமன்ற வழக்கும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்று 37ஆம் பிரிவு சொல்கிறது. இங்கிலாந்துச் சட்டம் என்று எழுதியிருப்பதால், அட்ஜுடிகேட்டர் ஒப்பந்த வாசகங்களுக்குப் பொருள் காணும்போது அந்தச் சட்டத்தைக் கவனிக்க வேண்டியிருக்கலாம். உங்கள் பில்களைப் பொறுத்தவரை அதனால் பெரிய வித்தியாசம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கிலாந்தே இந்த முறையை 1998 முதல் நடத்திவருகிறது. அங்கே அட்ஜுடிகேட்டருக்குச் சட்டம் வைத்திருக்கும் அடிப்படைக் கெடு 28 நாள்கள்.

"ஆலைக்காரர்கள் கட்டியதும் தருகிறோம்" என்ற பதிலைப் படித்து நீங்கள் சோர்ந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கோப்பில் மிகவும் பிடித்த தாள் அதுதான். மேலே உள்ளவர் கொடுத்தால்தான் கீழே உள்ளவருக்குக் கொடுப்போம் என்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தாலும், 35ஆம் பிரிவின்படி அது செல்லாது. அது மட்டுமல்ல. அட்ஜுடிகேட்டர் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தும் அவர்கள் கட்டாவிட்டால், 30ஆம் பிரிவின்படி நீங்கள் நேராக ஆலை உரிமையாளருக்கு எழுத்துமூலம் கோரிக்கை அனுப்பலாம். ஆலை உரிமையாளர் உடனே உங்கள் குத்தகை நிறுவனத்துக்கு அறிவிப்புக் கொடுத்து, கட்டியதற்கு ஆதாரம் கேட்க வேண்டும். பத்து வேலை நாள்களுக்குள் ஆதாரம் வராவிட்டால் அவரே உங்களுக்குப் பணம் கட்டி, அதை அந்த நிறுவனத்துக்குத் தரவேண்டிய தொகையில் கழித்துக்கொள்ளலாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: உங்கள் கோரிக்கை போய்ச் சேரும் நேரத்தில் ஆலை உரிமையாளர் அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி இருக்க வேண்டும். பாக்கி இருக்கிறது என்று அவர்களே தங்கள் கடிதத் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆலை கணக்கைத் தீர்த்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். லண்டனில் நடுவரை நியமித்து முடிப்பதற்குள் அது நடந்துவிடக்கூடும்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் 5ஆம் பிரிவின்படி கட்டணக் கோரிக்கை. அதில் தொகை, அது கட்டப்பட்டிருக்க வேண்டிய தேதி, எந்த வேலைக்கு, ஒப்பந்தத்தின் எந்த ஷரத்தின்படி என்பதோடு, இக்கோரிக்கை இந்தச் சட்டத்தின் கீழ் செய்யப்படுகிறது என்ற ஒரு வரியும் இருந்தாக வேண்டும். பழைய நினைவூட்டல் கடிதங்களையே மறுபடி அனுப்புகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த வரியில்தான். அவர்களுக்குப் பதிலளிக்கப் பத்து வேலை நாள்கள். பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டார்கள் என்று பொருளில்லை. முழுத் தொகையையும் மறுத்தார்கள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு அட்ஜுடிகேஷன் அறிவிப்பு. இரு தரப்பும் ஒருவர்மேல் உடன்படாவிட்டால் கோலாலம்பூரில் உள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மையம், அதாவது ஏஐஏசி, அட்ஜுடிகேட்டரை நியமிக்கும். அவர் நியமனத்தை ஏற்ற அறிவிப்பு கிடைத்ததிலிருந்து பத்து வேலை நாள்களில் உங்கள் கோரிக்கை மனு, அடுத்த பத்தில் அவர்கள் மறுப்பு, அடுத்த ஐந்தில் உங்கள் பதில், அதிலிருந்து 45 வேலை நாள்களில் தீர்ப்பு. வேலை நாள் என்பது சைட் இருக்கும் மாநிலத்தின் விடுமுறைகளைக் கழித்துக் கணக்கிடப்படுவது. ஆகவே உங்கள் விஷயத்தில் பேராவின் நாட்காட்டியை வைத்துக்கொள்ளுங்கள், தைப்பூசம் உட்பட. நாள் தவறினால் சமாளித்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அட்ஜுடிகேட்டர் கட்டணத்துக்கு இரு தரப்பும் முன்கூட்டியே வைப்புத் தொகை கட்ட வேண்டும். செலவுத் தொகை பொதுவாகத் தோற்றவர் தலையில் விழும்.

தீர்ப்பு கையில் வந்ததும் 28ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்ற ஆணையாக அதை மாற்றிக்கொள்ளலாம். மோசடி அல்லது லஞ்சம், இயற்கை நீதி மறுப்பு, நடுநிலை தவறியது, அதிகார வரம்பு மீறல் என்ற காரணங்களுக்காக மட்டுமே அதை ரத்துச் செய்யக் கேட்க முடியும். பாக்கி 50,000 வெள்ளிக்கு மேல் இருப்பதால் நிறுவனக் கலைப்புக்கான 21 நாள் அறிவிப்பும் சட்டப்படி சாத்தியம். ஆனால் அதை எடுத்த எடுப்பில் நீட்டுவதை நான் விரும்புவதில்லை. கலைக்கப்பட்ட நிறுவனத்தின் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்பதைவிட ஆலையிடமிருந்து நேராக வாங்குவது மேல்.

இனி உங்கள் தாள்களுக்கு வருவோம், ஏனென்றால் அட்ஜுடிகேஷன் பெரும்பாலும் தாள்களிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டு பில்கள் பற்றிக் கவலையில்லை. வி.ஓ. 84,000 சற்றுச் சிக்கல். இந்தச் சட்டத்தில் 'கட்டணம்' என்பது ஒப்பந்தத்தின் வெளிப்படையான ஷரத்துகளின்படி செய்த வேலைக்கான தொகை. உங்கள் ஒப்பந்தமோ கூடுதல் வேலைக்கு எழுத்துமூல உத்தரவு வேண்டும் என்கிறது. உங்களிடம் இருப்பது சைட் மேனேஜர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய "கால்வாயை ரோடு வரைக்கும் இழுங்கள், வி.ஓ. பிறகு கவனிக்கலாம்" என்ற செய்தி. அதுவும் எழுத்துதான் என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். அந்த வாரத்தில் ரெடிமிக்ஸ் லாரிகள் வந்த டி.ஓ.க்களில், அதாவது சரக்கு ஒப்படைப்புச் சீட்டுகளில், தேதி, நேரம், கன மீட்டர், கூடவே அவர்களுடைய சைட் கிளார்க்கின் கையெழுத்து இருப்பதைப் பார்த்தேன். அந்தக் கையெழுத்துகளும், நீட்டிய கால்வாயைத் தங்கள் அடுத்த வரைபடத்தில் அவர்களே சேர்த்திருப்பதும் உங்கள் பக்கம் பேசும்.

63 நாள் தாமதக் கழிவு 126,000 வெள்ளி வருகிறது. இதில் நாளுக்கு 2,000 என்ற விகிதத்தைத் தாக்கிப் பெரிதாகப் பயனில்லை என்பது என் கணிப்பு. இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2015இல் மக்டெசி வழக்கிலும், நம் கூட்டரசு நீதிமன்றம் 2018இல் கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் வழக்கிலும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்திருக்கின்றன: ஒப்பந்தத்தில் முன்பே பேசிய தொகை, கேட்பவரின் நியாயமான நலனுக்கு அளவு மீறியதாக இல்லாதவரை நிற்கும். ஆகவே விகிதத்தை விட்டு நாள்களைத் தாக்குங்கள். மாணவர் பயிற்சிப் புத்தகத்தில் நீங்கள் எழுதி வைத்திருக்கும் சைட் குறிப்பு இதற்கு மிகவும் உதவும். "காலை 7.40, கேட் பூட்டு, பைலிங் ஆள்கள் இன்னும் வெளியேறவில்லை" என்பது போன்ற வரிகள் முதல் சில பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. சைட்டை உங்களிடம் பிந்தி ஒப்படைத்துவிட்டு, அந்த நாள்களையும் உங்கள் தாமதமாக எண்ணியிருக்கிறார்கள். மழை நாள்கள் வேறு கதை. கால நீட்டிப்பு கேட்டு ஒப்பந்தம் சொன்ன கெடுவுக்குள் நீங்கள் எழுதியிருந்தால்தான் அவை உறுதியாக நிற்கும். கட்டணக் கோரிக்கைக்குத் தரும் பதிலில் அவர்கள் சொல்ல மறந்த மறுப்புகளையும் அட்ஜுடிகேட்டர் பரிசீலிக்கலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் வியூ எஸ்டீம் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டதால், அவர்கள் வாயைத் திறக்கும்வரை காத்திராமல் தாமதக் கழிவுக்கான பதிலை இப்போதே தயாரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மைத்துனர் சொன்ன பாரிஸ்டர் விஷயத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. துங்கு அப்துல் ரஹ்மான் இன்னர் டெம்பிளில் பாரிஸ்டரானவர். ஈப்போ நீதிமன்றத்தில் சீனிவாசகம் சகோதரர்கள் வாதாடிய காலத்தைப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். நம் ஊர்ப்பக்கம் அந்தப் பட்டத்துக்கு இருக்கும் மதிப்பு எனக்குத் தெரியும். இங்கிலாந்தில் வழக்கறிஞர் தொழில் இரண்டாகப் பிரிந்தது. கட்சிக்காரரைச் சந்தித்து, தாள்களைத் திரட்டி, வழக்கை நடத்திச் செல்பவர் சாலிசிட்டர். சட்டக் கருத்து எழுதி, மனுக்களை வடித்து, மன்றத்தில் எழுந்து வாதாடுபவர் பாரிஸ்டர். நம் நாட்டில் 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்படி இரண்டையும் ஒருவரே செய்கிறார். அங்கே பாரிஸ்டர்கள் 'சேம்பர்ஸ்' என்ற கூட்டு அலுவலகத்தில் வாடகையையும் கிளார்க்குகளையும் பகிர்ந்துகொண்டு தனித்தனியாகத் தொழில் செய்கிறவர்கள். அதனால் ஒரே சேம்பர்ஸைச் சேர்ந்த இருவர் ஒரே வழக்கில் எதிரெதிரே நிற்பதும் உண்டு. கீட்டிங், அட்கின் போன்ற சேம்பர்ஸ்கள் கட்டுமான வழக்குகளுக்கென்றே பெயர் பெற்றவை. அணைக்கட்டு, மின் நிலையம், விமான நிலையம் போன்ற வழக்குகளில், தாமதத்தை ஆராயும் நிபுணரையும் செலவை மதிப்பிடும் நிபுணரையும் குறுக்கு விசாரணை செய்து, வேலை அட்டவணையில் எந்தத் தாமதம் முடிவுத் தேதியை உண்மையில் தள்ளியது என்பதைப் பிரித்துக் காட்டுவதில் அவர்களுக்கு நிகர் குறைவு. அதற்கேற்ற கட்டணமும் உண்டு: வழக்கை ஏற்றுத் தயாராவதற்கும் முதல் நாளுக்கும் ஒரு மொத்தத் தொகை, அதற்குப் பிறகு நாளுக்கு நாள் தனித் தொகை. மூத்தவரான கே.சி. பெரும்பாலும் ஓர் இளையவரையும் கூட அழைத்துக்கொண்டு வருவார். (எலிசபெத் அரசியார் 2022 செப்டம்பர் 8 அன்று மறைந்தது முதல் க்யூ.சி.க்கள் அனைவரும் கே.சி. ஆகிவிட்டார்கள், மைத்துனரிடம் சொல்லுங்கள்.) 312,000 வெள்ளிக் கோரிக்கையில் அந்தச் செலவு, வென்றாலும் உங்கள் கையில் மிஞ்சுவதை அரித்துவிடும்.

அவர்களிடமிருந்து இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. 'ஸ்காட் ஷெட்யூல்' என்ற அட்டவணை. இங்கிலாந்தில் கட்டுமான வழக்குகளை விசாரித்த ஒரு நீதி அதிகாரியின் பெயரைத் தாங்கியது. ஒரு கோரிக்கைக்கு ஒரு வரிசை: என்ன வேலை, எவ்வளவு தொகை, எந்த ஷரத்து, எந்த ஆதாரம், எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது, கடைசியில் தீர்ப்பவர் எழுத ஒரு வெற்றுக் கட்டம். உங்கள் பில்களையும் வி.ஓ.வையும் தாமத நாள்களையும் இந்த வடிவில் ஒரு தாளில் கொண்டுவந்துவிட்டால் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ நீங்கள் வைத்துக்கொள்ளும் வழக்கறிஞரின் நேரமும் அதற்கான கட்டணமும் கணிசமாகக் குறையும். சிப்பாவில் யாரை வேண்டுமானாலும் பிரதிநிதியாக வைத்துக்கொள்ளலாம், நீங்களே வாதாடவும் செய்யலாம். இருந்தாலும் தாமதக் கழிவு இருப்பதால் கட்டுமான வழக்கு நடத்திப் பழகிய உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை வைத்துக்கொள்ளும்படியே சொல்வேன்.

லண்டன் எப்போது தேவைப்படும்? அட்ஜுடிகேஷன் தீர்ப்பு உடனே கட்டாயப்படுத்துமே தவிர, கடைசித் தீர்ப்பல்ல. அவர்கள் பணத்தைக் கட்டிவிட்டு, திரும்பப் பெற ஐசிசியில் நடுவர் விசாரணை தொடங்கலாம். அப்போதும் பதறவேண்டாம். விசாரணையின் சட்டப்பூர்வ இருப்பிடம் லண்டன் என்பதால் ஒவ்வோர் அமர்வுக்கும் விமானம் ஏறவேண்டும் என்பதில்லை. 2021 ஜனவரி 1 முதல் செய்த ஒப்பந்தங்களில், தகராறு 30 லட்சம் அமெரிக்க டாலருக்கு உட்பட்டதாக இருந்து, இரு தரப்பும் விலக்கிக்கொள்ளாவிட்டால், பொதுவாக ஒரே நடுவரைக் கொண்ட விரைவு முறை பொருந்தும். உங்கள் ஒப்பந்தம் 2023இல் ஆனது. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டு நடுவர் விசாரணைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, வழக்கறிஞரையோ தான் விரும்பிய வேறொருவரையோ பிரதிநிதியாக வைத்துக்கொள்ள அனுமதிப்பதால், உங்கள் ஈப்போ வழக்கறிஞரே அங்கும் வாதாடலாம். இங்கிலாந்துச் சட்டத்தில் உண்மையிலேயே சந்தேகமான ஓர் அம்சம் எழுந்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் இளைய பாரிஸ்டர் ஒருவரிடம் நிர்ணயித்த கட்டணத்தில் எழுத்துமூலக் கருத்துக் கேட்டுக்கொள்வது சிக்கனமான வழி. நீங்களாகவே ஐசிசியில் வழக்குத் தொடங்குவதானால், மனு கொடுக்கும்போதே திரும்பக் கிடைக்காத 5,000 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். ஒப்பந்த மீறலுக்கு இங்கேயும் அங்கேயும் பொதுவான காலக்கெடு ஆறு ஆண்டுகள் என்பதால் அந்தக் கதவு இன்றோ நாளையோ மூடப்போவதில்லை.

ஆலோசகருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். நம் வழக்கறிஞர்கள் வெற்றியைப் பொறுத்துப் பங்கு பேசுவதை வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆம் பிரிவு தடுக்கிறது. வழக்கறிஞரல்லாத ஒருவர் அதே பேரத்தை முன்வைக்கும்போது, அவருக்கு எந்த மன்றத்தின் ஒழுங்கு விதியும் இல்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அவர் குறிப்பிடும் பாரிஸ்டரின் பெயரைக் கேட்டு வாங்கி, இங்கிலாந்தின் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டு இணையத்தில் வைத்திருக்கும் பாரிஸ்டர் பதிவேட்டில் தேடுங்கள். தொழில் நடத்தும் சான்றிதழ் இருக்கிறதா என்பது கட்டணமின்றித் தெரிந்துவிடும். பெயரைச் சொல்லத் தயங்கினால் அதுவே போதிய பதில். அப்படியே உண்மையான பாரிஸ்டராக இருந்தாலும், நம் நீதிமன்றத்தில் அவர் நின்று வாதாட 18ஆம் பிரிவின்படி தனி அனுமதி பெற வேண்டும். நம் வழக்கறிஞர்களிடம் இல்லாத தனித்தகுதி இருப்பதாகக் காட்டினால்தான் அது கிடைக்கும். அட்ஜுடிகேஷன் தீர்ப்பை உயர் நீதிமன்ற ஆணையாக்கும் மனுவுக்கு அப்படியொரு தனித்தகுதியைக் காட்டுவது கடினம்.

தொகை பற்றி ஒரு திருத்தம். ரிடென்ஷன் 42,000இல் பாதி ஒப்படைத்தபோதே விடுவித்திருக்க வேண்டியது. மறுபாதி, உங்கள் ஒப்பந்தப்படி, பன்னிரண்டு மாதக் குறைதீர்க்கும் காலம் முடிந்த பிறகுதான். பத்து மாதமே ஆகியிருப்பதால் அந்த 21,000 இன்னும் கெடுவுக்கு வரவில்லை. அதையும் சேர்த்து 312,000 கேட்டால், கெடுவுக்கு வராத பணத்தைக் கேட்டீர்கள் என்று முதல் பக்கத்திலேயே அவர்களுக்கு ஒரு பிடி கொடுத்ததாகும். கட்டணக் கோரிக்கையை 291,000க்கு இப்போது அனுப்புங்கள். அந்த 21,000க்கு இரண்டு மாதம் கழித்துத் தனியாக ஒன்று அனுப்பலாம். அதுவரை ஆலை மேனேஜர் கூப்பிட்டுக் கால்வாயில் விரிசல் என்று காட்டினால், கோபத்தைப் பார்க்காமல் ஆளை அனுப்பிப் பூசிக் கொடுத்துவிட்டு, படமெடுத்து, அவர்கள் கையெழுத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.